உப்புக் காற்றும் அலுமினியத் தகடும்: இலக்கம் கேட்டு வாங்குவோம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் கடலோ கடல்நீரேரியோ வெகு தூரத்தில் இல்லை. சோளகம் வீசினாலும் வாடை வீசினாலும் காற்றோடு உப்பும் வந்து சேர்கிறது. குருநகர், ஊர்காவற்றுறை, பருத்தித்துறை போன்ற இடங்களில் இரும்பு படும் பாட்டை நாம் அறிவோம். எனவே மீன் பெட்டி, கடை முகப்பு, வாகனக் கூடு போன்ற வேலைகளுக்கு அலுமினியத் தகட்டை நாடுவது நியாயமே. ஆனால் "அலுமினியம் துருப்பிடிக்காது" என்ற ஒற்றை வார்த்தையை நம்பிப் பணத்தை முடக்குவது ஆபத்தானது. அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிப்பதில்லையே தவிர, உப்புப் பட்டால் வெண்பொடி பூத்துக் குழி விழுந்து அரிபடும்.

அலுமினியத்தின் மேற்பரப்பில் காற்றுப் பட்டதும் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் தானாகவே உருவாகிறது. அதுதான் அதன் கவசம். இந்தக் கவசம் உப்பை எவ்வளவு தாங்கும் என்பது உள்ளே கலந்திருக்கும் உலோகத்தைப் பொறுத்தது. அதைச் சொல்வதே தகட்டின் நான்கு இலக்கங்கள்.

3003 என்பது சுமார் 1.2 வீதம் மங்கனீசு கலந்தது. மலிவானது, இலகுவில் வளையும். சாதாரண வேலைகளுக்குப் போதும். 5052இல் சுமார் 2.5 வீதம் மக்னீசியம் உண்டு. கடற்காற்றுக்கு நன்கு ஈடுகொடுக்கும், வளைக்கவும் ஒட்டவும் ஏற்றது. எமது கரையோர வேலைகள் பலவற்றுக்கு இதுவே பொருத்தம். 5083 இன்னும் உறுதியானது. படகு, கப்பல் வேலைகளுக்கு உரியது. 6061 ரி6 உறுதியானதுதான். ஆனால் கூர்மையாக மடித்தால் வெடிக்கும். செம்பு அதிகம் கலந்த 2024 விமானத் தொழிலுக்குப் பேர்பெற்றது. உப்புக் காற்றில் பாதுகாப்புப் பூச்சின்றி நிற்காது. பார்வைக்கு இவை அனைத்தும் ஒரே வெள்ளைத் தகடுகள்தான். ஆகவே தகட்டில் அச்சிட்டிருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். மொத்தமாக வாங்குவோர் ஆலைச் சான்றிதழையும் கேட்டுப் பெறுங்கள்.

விலையைக் கிலோக் கணக்கில் மட்டும் ஒப்பிடுவது தவறான முடிவைத் தரும். 8 அடிக்கு 4 அடி, 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள அலுமினியத் தகடு சுமார் 16 கிலோ. அதே அளவு இரும்புத் தகடு சுமார் 47 கிலோ. ஒரு கிலோவின் விலை இரண்டு மடங்காக இருந்தாலும் ஒரு தகட்டின் விலை இரும்பைவிடக் குறைவாகவே வரும். அதேவேளை அலுமினியம் இரும்பைவிட இலகுவில் வளைந்து கொடுப்பதால், சில வேலைகளுக்குத் தடிப்பைக் கூட்ட வேண்டியிருக்கும். அதையும் கணக்கில் சேர்த்தே விலை சொல்ல வேண்டும்.

நல்ல தகட்டையும் கெட்ட வேலை கெடுத்துவிடும். 5052 எச்32 தகட்டை மடிக்கும்போது உள்வளைவு குறைந்தது தகட்டின் தடிப்பளவாவது இருக்கட்டும்; தடித்த தகட்டுக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். இரும்பு தேய்த்த கிரைண்டர் கல்லையோ கம்பித் தூரிகையையோ அலுமினியத்தில் பாவிக்கக் கூடாது. அதிலிருந்து பதியும் இரும்புத் துகள் ஒவ்வொன்றும் பின்னர் அரிப்பு தொடங்கும் இடமாகும்.

அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். அதன் மேலுள்ள படலமோ 2000 பாகைக்கு மேல்தான் உருகும். எனவே ஒட்டுமுன் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, தனியாக வைத்திருக்கும் ஸ்டெயின்லெஸ் தூரிகையால் படலத்தைத் தேய்த்து நீக்க வேண்டும். ஆகன் வாயுவுடன் ஏசி ரிக் வெல்டிங்கும் 5356 கம்பியும் 5052க்குப் பொருந்தும். ஒட்டிய இடத்தையடுத்துத் தகட்டின் உறுதி குறையும் என்பதால், பாரம் தாங்கும் இடத்தில் ஒட்டு வராதபடி அமைப்பது நல்லது.

அடுத்த எதிரி வேற்று உலோகம். இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டு நிற்க, உப்பு நீரும் சேர்ந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். 1886இல் திறக்கப்பட்ட நியூயோர்க் சுதந்திரச் சிலையில் செப்புத் தகட்டைத் தாங்கிய இரும்புச் சட்டங்கள் இவ்வாறே அரித்துப்போயின. 1986இல் நிறைவடைந்த திருத்த வேலையில் அவற்றை மாற்ற வேண்டியதாயிற்று. அலுமினியத்தோடு செம்போ பித்தளையோ இரும்போ சேர்ந்தால் அரிபடுவது அலுமினியமே. ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டாலும் நைலோன் அல்லது றப்பர் வொஷர் இட்டுப் பிரித்துவிடுங்கள். ஈரச் சீமெந்தும் அலுமினியத்தை அரிக்கும். சுவரில் படும் பக்கத்துக்குத் தார்ப் பூச்சுக் கொடுங்கள்.

தகடுகளை ஈரத்தோடு அடுக்கி வைத்தால் விற்குமுன்னரே கறை பிடித்துவிடும். முடிந்த வேலையிலும், மழை கழுவும் பக்கத்தைவிட, உப்புப் படிந்தும் மழை படாத தாழ்வாரப் பக்கமே முதலில் கெடும். அதை அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவும்படி வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். உவர்க் கிணற்று நீரால் கழுவினால் மேலும் உப்பைப் பூசுவதாகவே முடியும்.

சிறு பட்டறைக்காரருக்கு ஒரு வேலை பழுதாகித் திரும்பி வந்தால் தகட்டுக் காசும் கூலியும் இரண்டாம் தடவையும் கையிலிருந்தே போகும். பெயரும் சேர்ந்து போகும். ஆகவே பற்றுச்சீட்டில் "அலுமினியத் தகடு" என்று மட்டும் எழுதாமல், இலக்கத்தையும் தடிப்பையும் சேர்த்து எழுதுங்கள். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அதுவே பாதுகாப்பு.