அச்சில் கறுத்துப்போகும் அரக்குப் புடவை

கல்யாண ஆல்பம் லேபிலிருந்து வந்ததும் ஸ்டுடியோக்களில் அடிக்கடி கேட்கும் குறை இது: "சிஸ்டத்துல பளிச்சுனு இருந்துச்சு, பிரிண்ட்ல டல்லடிக்குது." பழி லேபின் தலையில் விழும். பெரும்பாலும் கோளாறு எடிட்டிங் மேசையிலேயே இருக்கிறது.

திரையின் ஒளிர்வைச் சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்று அளப்பார்கள். புது மானிட்டர்கள் பல 250, 300 கேண்டெலா ஒளிர்வோடு வருகின்றன. தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது. அறையின் வெளிச்சத்தைத்தான் அது திருப்பித் தரும். அதிக ஒளிர்வுள்ள திரையில் எடிட் செய்பவர், படம் வெளுத்திருப்பதாக எண்ணி இருட்டைக் கூட்டிவிடுகிறார். அரக்குப் புடவையின் மடிப்புகள் அச்சில் கறுப்பாக அடைத்துக்கொள்கின்றன. அச்சு வேலைக்கு 80 முதல் 120 கேண்டெலா போதும். காசு செலவில்லாமல் ஒளிர்வைக் குறைப்பதே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்பேன்.

நிறத்தையும் அப்படியே கண்ணால் பார்த்துச் சரிசெய்ய முடியாதா? முடியாது. குண்டு பல்பின் கீழும் வெயிலிலும் அதே தாள் நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது; சூழ்ந்திருக்கும் ஒளிக்குக் கண்ணும் மூளையும் தம்மைப் பழக்கிக்கொள்கின்றன. நீலம் தூக்கலான திரையும் சிறிது நேரத்தில் இயல்பாகிவிடும். ஆனால் அதில் தெரியும் முகங்களை நம்பி வண்ணம் திருத்தினால், மணப்பெண்ணின் முகம் அச்சில் மஞ்சளடித்து நிற்கும்.

அதனால்தான் கலரிமீட்டர் என்ற கைக்கடக்கமான கருவி. அதைத் திரைமேல் வைத்தால், மென்பொருள் சிவப்பு, பச்சை, நீலம், பல படிச் சாம்பல் என்று கட்டங்களை ஒவ்வொன்றாகக் காட்டும். கேட்ட நிறம் ஒன்று, திரை தந்தது ஒன்று. அந்த வித்தியாசத்தைக் கருவி அளக்கும். வழக்கமான இலக்கு, சுமார் 6500 கெல்வின் வெள்ளை, நடுச்சாயல்களின் வெளிச்சத்தைக் குறிக்கும் காமா 2.2. அதை ஒட்டி மானிட்டரைத் திருத்திய பிறகு, அந்தத் திரை எப்படி நிறம் காட்டுகிறது என்ற விவரம் ஐசிசி புரொஃபைல் என்ற கோப்பில் பதிவாகும். ஃபோட்டோஷாப் போன்றவை அதைப் படித்து நிறங்களை ஈடுகட்டும்.

நிறத்தை எண்ணாக எழுத முடிவதே வியப்புதான். 1920களில் இங்கிலாந்தில் ரைட், கில்ட் என்ற இரு ஆய்வாளர்கள் தனித்தனியே சோதனை செய்தார்கள். பங்கேற்பவர்கள் மூன்று ஒளிகளைக் கலந்து, காட்டப்பட்ட நிறத்தோடு பொருத்த வேண்டும். ரைட்டிடம் பத்துப் பேர், கில்டிடம் ஏழு பேர். அந்த 17 பேரின் கண்களைச் சராசரியாக்கித்தான் 1931இல் சிஐஇ என்ற சர்வதேச ஒளியியல் அமைப்பு நிற அளவுமுறையை வகுத்தது. இன்றைய நிற மேலாண்மை அதன்மேல்தான் நிற்கிறது.

திரை சரியானாலும் மையின் எல்லை மாறாது. திரையில் தெரியும் சில அடர்ந்த நிறங்களை எந்த மையாலும் தாளில் கொண்டுவர இயலாது. மேட் தாளில் கறுப்பின் ஆழமும் குறையும். லேபிடம் அவர்களுடைய தாளுக்கான புரொஃபைலைக் கேட்டு வாங்கி, அச்சின் தோற்றத்தைத் திரையிலேயே காட்டும் 'சாஃப்ட் ப்ரூஃப்' செய்தால் இழப்பு முன்கூட்டியே தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் நூறு பக்க ஆல்பத்தை அனுப்புவது வீண் துணிச்சல்.

அளப்பதற்கு முன் மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி, ஒளிர்வு தானாக மாறும் வசதி இரண்டையும் அணைத்துவிட வேண்டும். திரைக்குள் இருக்கும் விளக்கு நாளடைவில் மங்குவதால் மாதம் ஒருமுறை அளப்பது நல்லது. ஆர்கில்சிஎம்எஸ், டிஸ்ப்ளேகால் என்ற மென்பொருள்கள் இலவசம், கருவிக்குத்தான் பணம். ஓர் ஊரின் ஸ்டுடியோக்காரர்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்தலாம்.