குட்டி தேசங்கள் – 11: கோஸ்டா ரிகாவுக்கு எந்த மாதம் போவது?

1948 டிசம்பரில் கோஸ்டா ரிகா தன் ராணுவத்தையே கலைத்த கதையைப் போன வாரம் பார்த்தோம். அப்படிப்பட்ட ஊரை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் ஆசை வரும். போவதென்றால் எங்கிருந்து தொடங்குவது? ஹோட்டலில் இருந்து அல்ல, மழையில் இருந்து.

நாட்டின் பரப்பளவு 51,100 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. பத்து நாளில் மொத்தத்தையும் சுற்றிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் அதிகம். அந்தக் கணக்கு மலையில் போய் முட்டிக்கொள்ளும். வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நாட்டை நீளவாக்கில் பிளந்துகொண்டு போகின்றன மலைத்தொடர்கள். ஒரு பக்கம் பசிபிக், மறுபக்கம் கரீபியன் கடல். தலைநகர் சான் ஹோசே ஏறக்குறைய மதுரையின் அட்சரேகையில்தான் இருக்கிறது. ஆனால் சுமார் 1,170 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ராத்திரிக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர் வேண்டும்.

டிசம்பரில் இருந்து ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று பலமாக வீசும். கரீபியனில் அள்ளிய ஈரத்தையெல்லாம் கிழக்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, மேற்கே வறண்ட காற்றாக இறங்கும். பசிபிக் கரையில் அப்போது நல்ல வெயில். குவானகாஸ்டே மாகாணத்தில் புல்கூடக் காய்ந்துவிடும். மே மாதம் தொடங்கி அங்கே மழை பிடிக்கும்; செப்டம்பர், அக்டோபரில் உச்சம். தென்மேற்குப் பருவத்தில் கேரளம் நனைந்துகொண்டிருக்க, தேனியில் வெறும் காற்று அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

பசிபிக் ஊறிக் கிடக்கும் அதே செப்டம்பர், அக்டோபரில்தான் கரீபியன் கரையின் தென்கோடியில், கவீட்டா, புவேர்ட்டோ வியேஹோ பக்கம், வெயில் அடிக்கும். கடலும் அடங்கியிருக்கும். சுற்றுலா விளம்பரங்களில் ‘சீசன்’ என்றால் டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் குளிருக்குப் பயந்து ஓடிவருகிறவர்களை வைத்துச் செய்த ஏற்பாடு அது. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லையே!

பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்பவர்களுக்கு மே மாதம் மோசமில்லை. பெரும்பாலும் காலையில் வெயில், மதியத்துக்கு மேல் மழை. அறை வாடகையும் இறங்கியிருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நாட்டு மக்களே மொத்தமாகக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அடுத்த விஷயம் தூரம். அரெனால் எரிமலையடியில் இருக்கும் லா ஃபோர்டூனாவுக்கும் மேகக்காட்டு ஊரான மொன்டெவெர்டேவுக்கும் நேர்கோட்டில் 25 கிலோமீட்டர்தான் இருக்கும். நடுவில் அரெனால் ஏரியும் மலையும் உட்கார்ந்திருப்பதால், சாலையில் சுற்றிப்போக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேன், படகு, மறுபடி வேன் என்று ஏரியைக் கடக்கும் வழியும் உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான். வருடம் முழுக்க ஆறு மணி வாக்கில் இருட்டிவிடும். மலைப்பாதையில் இருட்டில், அதுவும் நமக்குப் பழக்கமில்லாத வலதுபுறமாக, கார் ஓட்ட வேண்டாம். பத்து நாளுக்கு மூன்று ஊர் போதும். நான்காவது ஊரைச் சேர்த்தால் பார்ப்பது காட்டையல்ல, வேனின் ஜன்னலைத்தான்.

அரெனால் பற்றி ஒரு எச்சரிக்கை. 1968 ஜூலையில் வெடித்த அந்த எரிமலை, 2010 வரை நெருப்பைக் கக்கிக்கொண்டே இருந்தது. பழைய பயணக் கட்டுரைகளில் இரவில் ஒளிரும் லாவாவைப் பற்றி உருகி உருகி எழுதியிருப்பார்கள். இப்போது அது கிடையாது. வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன; மேகம் விலகினால் கூம்பு மலை தெரியும், அவ்வளவுதான்.

மொன்டெவெர்டே வேறு ரகம். போருக்கு ஆள் சேர்க்கும் சட்டத்தை ஏற்காத குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில, அமெரிக்காவின் அலபாமாவை விட்டு வந்து 1951-இல் குடியேறிய மலை அது. ராணுவமில்லாத நாடு என்பதே அவர்களை இழுத்தது. மாடு வளர்த்தார்கள், பாலாடைக்கட்டி செய்தார்கள். மேலே இருந்த காட்டைத் தண்ணீருக்காக வெட்டாமல் விட்டுவைத்தார்கள். அந்தக் காட்டையும் சேர்த்துத்தான் 1972-இல் காப்புக்காடு உருவானது. உலகில் வேறெங்கும் இல்லாத பொன்னிறத் தேரை ஒன்று இங்கே வாழ்ந்தது. 1989-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் டோர்டுகேரோவைச் சொல்வேன். கரீபியன் கரையின் வடக்கே இருக்கும் இந்த ஊருக்குச் சாலையே கிடையாது. லா பவோனா படகுத்துறையில் காரை நிறுத்திவிட்டு, ஆற்றிலும் கால்வாயிலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகில் போக வேண்டும். இல்லையென்றால் சின்ன விமானம். ஜூலை முதல் அக்டோபர் வரை பேராமைகள் இந்தக் கரையேறி முட்டையிடும். ஒரு காலத்தில் சூப்புக்காக இவற்றை வேட்டையாடி ஏற்றுமதி செய்தார்கள். ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1950-களில் இங்கே வந்து ஆமைகளைப் பற்றி ஆராய்ந்து எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1975-இல் இது தேசியப் பூங்காவானது. இரவில் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு, சிறு குழுவாகத்தான் கரைக்கு விடுவார்கள். கேமராவும் கைப்பேசி வெளிச்சமும் கூடாது. அது நல்ல விதி.

நம் சென்னைக் கரைக்கு வரும் பங்குனி ஆமை இனத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம், பசிபிக் கரையின் ஒஸ்டியோனாலுக்குப் போக வேண்டும். அங்கே மழைக்காலத்தில் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் கரையேறும். பின்னால் வரும் ஆமைகள் தோண்டி எப்படியும் அழிந்துபோகும் என்பதால், முதலில் இட்ட முட்டைகளை ஊர்க்காரர்கள் எடுத்துக்கொள்ளச் சட்டமே அனுமதிக்கிறது.

செலவு குறைவான நாடு என்று நினைத்துவிடாதீர்கள். சுற்றுலா ஊர்களில் பலவற்றுக்கும் டாலரில்தான் விலை. ‘சோடா’ என்று பெயர்ப்பலகை உள்ள சின்ன உணவகங்களில் சாப்பிட்டால் பர்ஸ் தப்பிக்கும். சோறு, கறுப்பு பீன்ஸ், வாழைப்பழ வறுவல், சாலட் எல்லாம் ஒரே தட்டில் வரும். இறைச்சி வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். கரீபியன் கரையில், லிமோன் பக்கம், சோற்றையும் பீன்ஸையும் தேங்காய்ப்பாலில் வேகவைப்பார்கள். ரயில்பாதை போட வந்த ஜமைக்கர்கள் கொண்டுவந்த ருசி அது.

கடைசியாகக் காகித வேலை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் சலுகை உண்டு; ஆனால் அதன் நிபந்தனைகள் அவ்வப்போது மாறுபவை. அமெரிக்கா வழியாக விமானம் மாறுவதாக இருந்தால், வெறும் மாறுதலுக்கே அந்த நாட்டு விசா தேவைப்படும். வழியில் கொலம்பியாவையும் பார்க்க நினைத்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கோஸ்டா ரிகாவுக்குள் விடமாட்டார்கள். டெல்லியில் உள்ள கோஸ்டா ரிகா தூதரகத்திடம் கேட்டு உறுதிசெய்த பிறகே டிக்கெட் போடுங்கள்.