ஒரு ரூபாய்க்குள் ஐந்து குண்டு!

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் குதிரை மசால் பயிரிடும் விவசாயிகளுக்குத் தரை அணில்களால் பெரும் தொல்லை. வயலெங்கும் வளை தோண்டும். தளிரைத் தின்று தீர்க்கும். அவற்றைச் சுட அங்கே எடுப்பது பாயிண்ட் 22 ரைபிள். நம் ஊர் என்.சி.சி. மாணவர்கள் சுட்டுப் பழகுவதும் இந்த ரகத் துப்பாக்கியில்தான்.

அணிலோ சிறிய பிராணி. குறி ஓர் அங்குலம் தவறினாலும் உடனே சாகாது. காயத்தோடு வளைக்குள் ஓடித் துடித்துச் சாகும். ஆகவே, இந்த வேட்டையில் வேகத்தைவிடக் குறிதான் முக்கியம்.

விளிம்பில் மருந்து

இந்தத் தோட்டாவின் அடிவிளிம்புக்குள் தீப்பற்றும் மருந்து இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி விளிம்பைத் தட்டியதும் வெடிக்கிறது. மருந்து விளிம்பைச் சுற்றிலும் சமமாகப் பரவாவிட்டால் ஒரு குண்டு வேகமாகவும், அடுத்தது மெதுவாகவும் போகும்.

அதனால், அனுபவசாலிகள் பல கம்பெனித் தோட்டாக்களை வாங்கி, 50 கஜ தூரத்தில் காகிதத்தில் ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்க்கிறார்கள். ஐந்தும் ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் விழுந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்குப் பொருத்தம். அதே தோட்டா இன்னொரு துப்பாக்கிக்குப் பொருந்தாமலும் போகலாம்!

வேகத்தால் வரும் வினை

அதிவேகத் தோட்டாவின் குண்டு ஒலியை முந்திக்கொண்டு புறப்படும். 100 கஜம் போவதற்குள் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும். அப்போது தடுமாறும். பந்தய வீரர்கள் ஒலியைவிட மெதுவான தோட்டாவை விரும்புவது இதனால்தான். மேலும், 50 கஜத்துக்குச் சரிசெய்த ரைபிள் 100 கஜத்தில் சுமார் அரை அடி தாழ்வாகச் சுடும்.

2002-ல் வந்த பாயிண்ட் 17 எச்.எம்.ஆர். குண்டுக்கு வேகம் வினாடிக்கு 2,550 அடி. அவ்வளவாகத் தாழாது. ஆனால் எடை ஒரு கிராமுக்குச் சற்றே அதிகம். காற்றடித்தால் விலகிவிடும்.

ரெயில்வே ஊழியரின் வெண்கலம்

நம் நாட்டில் வனவிலங்கு வேட்டைக்கு 1972-ம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. இங்கே பாயிண்ட் 22-க்குப் பெருமை பந்தயக் களத்தில்தான். மத்திய ரெயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்த ஸ்வப்னில் குசாலே, 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் வெண்கலம் வென்றார். அங்கே 10 புள்ளி வட்டத்தின் அகலம் 10.4 மில்லிமீட்டர்தான்!

பந்தயத்தில் குறி தவறினால் புள்ளிதான் போகும். வயலிலோ ஓர் உயிர் வதைபடும். ஐந்து குண்டும் நாணயத்துக்குள் அடங்கும் தூரம் எதுவோ, அதைத் தாண்டி நிற்கும் அணிலைச் சுடாமல் விடுபவரே நல்ல வேட்டைக்காரர்.