கரகத்துக்கு முன்னால் ஆறு

தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா என்றால் முதல் வேலை ஆற்றங்கரையில்தான். நூல் சுற்றி மஞ்சள் பூசிய செம்பில் நீர் மொண்டு, வேப்பிலை செருகி, பூச்சரம் சுற்றி அங்கேயே கரகம் பாலிப்பார்கள். உருமி முழங்க, பூசாரி அதைத் தலையில் ஏற்றி வருவார். பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டின் பழைய ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செம்புக்குள் வருமுன் அந்த நீர் யார் யாரைத் தொட்டு வந்தது என்று மட்டும் நாம் விசாரித்ததில்லை.

அந்த நீரைக் கொண்டுவரும் பிளஸ் ஆறு தித்திவங்சா மலையில் பிறக்கிறது. மேலே தெமியார் பழங்குடிக் கிராமங்கள். எந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு என்பதை வைத்தே தங்கள் பூர்விக நிலத்தைச் சொல்பவர்கள் அவர்கள். அவர்கள் மீன் பிடித்துக் குளித்த நீர் லாசா வழியாக இறங்கி, கோலகங்சார்ப் பக்கம் பேராக் ஆற்றில் கலக்கிறது. வழியில் மலாய்க் கம்பங்கள். நீர், மேய்ச்சல், நெருப்பு மூன்றிலும் எல்லோருக்கும் பங்குண்டு என்பது அந்தக் கம்பத்தார் மதிக்கும் நபிமொழி.

பங்கு விஷயத்தில் நாம் பெருமை பேச முடியாது. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், 2022 டிசம்பரில், பட்டியல் சமூகத்தாரின் குடிநீர் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்து கிடந்தது. கங்கையை வணங்குகிற நாட்டில்தான்.

இங்கே ஆற்றைக் கெடுத்தது வேறு விதம். ரப்பர் ஆலையில் பாலை ஆசிட் ஊற்றி உறைய வைத்து, அழுத்திக் கழுவிய தண்ணீர் ஓடையில் இறங்கும். அதில் இருக்கும் கழிவு அழுகும்போது ஆற்றின் பிராண வாயுவை உறிஞ்சிவிடும். மீன் செத்து மிதக்கும். நாற்றம் லயம்வரை வரும். சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது 1974இல். செம்பனை ஆலைகளுக்கு 1977இலும், ரப்பர் ஆலைகளுக்கு 1978இலும் தனி விதிகள் வந்தன. அதற்கு முன்பும் ஆண்டுதோறும் கரகம் எடுத்தோம். ஆலை வாசலில் போய் நின்றதாக எந்தத் திருவிழா நோட்டீஸும் சொல்லவில்லை. கூலி கொடுத்த துரையிடம் அதை எப்படிக் கேட்பது? அந்தப் பயம் நியாயமானதுதான்.

இன்று துரை இல்லை, பல தோட்டங்களும் இல்லை. குழாய் நீரில் கரகம் பாலிக்கும் கோயில்களும் உண்டு. ஆற்றின் கேடு இப்போது மேலே காட்டில் தொடங்குகிறது. காடும் ஆறும் மாநில அரசின் அதிகாரத்தில் இருப்பதால், வெட்டுமர உரிமம் ஈப்போவில் முடிவாகிறது. மலையில் மரம் விழுந்தால் கீழே ஆறு செந்நிறமாகும். 2019இல் கிரிக் பக்கம் வெட்டுமர லோரிகளைத் தெமியார் மக்கள் மறித்து நின்றார்கள். அடுத்த முறை அவர்கள் மறிக்கும்போது, நம் கோயில் கமிட்டிகள் தங்கள் லெட்டர்ஹெட்டில் மந்திரி பெசாருக்கு ஒரு கடிதமாவது எழுதலாம். பந்தல் செலவில் அதற்கான தபால்தலைக்குக் காசு இருக்கும்.