வயரிங் சான்று: கையெழுத்துக்கு யார் பொறுப்பு?

புதுக் கடை கட்டுகிறோம், வீட்டுக்கு மாடி எடுக்கிறோம். சிமெண்ட் எது, கம்பி எது என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். வயரிங் என்று வந்துவிட்டால் மட்டும், "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், முடிச்சுக் கொடுத்துடுவான்" என்பதோடு சரி. மின் சாமான் மொத்த வியாபாரத்தில் நாம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறோம். திண்டிவனம் முதல் திருவக்கரை வரை இந்தப் பேச்சைக் கேட்காத வாரம் இல்லை.

திருவக்கரைப் பக்கமிருந்து ஒரு தம்பி நம்மிடம் சரக்கெடுக்க வருகிறார். விழுப்புரத்தில் ஒரு காண்டிராக்டரிடம் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாகத் தொழில் தொடங்கியவர். கைவேலை சுத்தம். முதல் வீட்டை முடித்ததும் வந்து கேட்டார்: "முதலாளி, மின்வாரியத்துக்கு ரிப்போர்ட் கொடுக்கணும். நான் கையெழுத்துப் போட்டா செல்லாதுங்கறாங்க. வேலை செஞ்சது நான்தானே?"

நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் வேறு மாதிரி பேசுகிறது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதி இதைத் தெளிவாகச் சொன்னது. உரிமம் பெற்ற காண்டிராக்டர்தான் வயரிங் வேலையை எடுக்க வேண்டும். தகுதிச் சான்று உள்ளவர் அதை நேரில் மேற்பார்வை செய்ய வேண்டும். பல்பு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைக்கு மட்டும் விலக்கு. அந்த விதிகளின் இடத்தில் 2010லும் பிறகு 2023லும் மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் வந்தன. இந்த நிபந்தனை மட்டும் மாறவில்லை.

நம் மாநிலத்தில் உரிமமும் தகுதிச் சான்றும் தருவது சென்னையிலுள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். கம்பியாளர் உதவியாளர், கம்பியாளர், மேற்பார்வையாளர் என்று படிப்படியாகச் சான்றுகள் உண்டு. காண்டிராக்டர் உரிமம் அதற்கு மேல். ஐ.டி.ஐ. படிக்காத தம்பி போன்றவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. 21 வயது நிறைந்து, வயரிங்கில் ஐந்து வருட அனுபவம் இருந்தால், அரசு நடத்தும் கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதலாம். வயதுக்கு மேல் வரம்பு கிடையாது.

சிக்கல் அனுபவச் சான்றில்தான். வேலை வாங்கியவர்தான் அதைத் தரவேண்டும். பையன் பிரிந்து போய் எதிரில் கடை போட்டுவிடுவானோ என்று சிலர் தர மறுக்கிறார்கள். இந்தத் தம்பியை அவருடைய பழைய முதலாளி மூன்று முறை நடக்க விட்டார். எட்டு வருடம் ஏணியில் நின்ற பையனுக்கு ஒரு தாள் எழுதிக் கொடுக்க மனம் வராததை நாம் வியாபாரத் தந்திரம் என்று சொல்லமாட்டோம்.

இதனால் என்ன நடக்கிறது? வேலையை ஒருவர் செய்கிறார், கையெழுத்தை இன்னொருவர் விற்கிறார். வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் ரிப்போர்ட்டில் அளவுகளை எழுதி, முத்திரை குத்திக் கொடுக்கிறார். எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. நேரில் வந்து பார்த்துத்தான் போடுவேன் என்று நிற்பவர்களும் உண்டு. அவர்களுக்குக் கூலி கொடுக்கத்தான் நமக்குக் கை வருவதில்லை.

நம் பகுதிக் கடை ஒன்றில் இப்படி வாங்கிய சான்று பைலில் பத்திரமாக இருந்தது. மழை நாளில் இரும்பு ஷட்டரைத் தூக்கிய வேலையாளுக்கு ஷாக் அடித்தது. உயிர் தப்பியது அவருடைய தாயார் செய்த புண்ணியம். பிரித்துப் பார்த்தால் மூன்று முனை பிளக் பாயிண்டில் எர்த் ஒயரே இழுக்கவில்லை. சான்றில் எர்த் சரி என்று எழுதியிருந்தது.

உண்மையான சோதனைக்கு அதிக நேரம் ஆகாது. மெயினை அணைத்து, பல்புகளையும் சாமான்களையும் கழற்றி, சுவிட்சுகளைப் போட்டு, 500 வோல்ட் மெக்கரை ஒரு நிமிடம் கொடுத்தால் இன்சுலேஷன் ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். சுவிட்ச் ஃபேஸ் ஒயரில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நியூட்ரலில் இருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். எர்த் ஒவ்வொரு பாயிண்டுக்கும் வந்து சேர்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். சரளை நிலமாக இருந்தால் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்றிவர வேண்டும். ஒரு லைட் சர்க்யூட்டில் பத்துப் பாயிண்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. திருவக்கரையில் பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மனைத் தரிசிக்க வரும் கூட்டத்துக்காக ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்கு மெல்லிய ஒயரில் இழுத்துக் கொள்கிறோமே, அது இந்தக் கணக்கு எதிலும் சேராது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே லைனைத் துண்டிக்கும் கருவி கடையில் கிடைக்கிறது. அதன் விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள், முகப்பு விளக்குக்கு அதைவிட அதிகம் செலவழிப்பதை நாம் தினமும் பார்க்கிறோம்.

இங்கிலாந்தில் 2005 முதல் வீட்டு வயரிங் கட்டட விதிகளுக்குள் வந்துவிட்டது. அங்கே தனியாகத் தொழில் செய்பவர், அரசு அங்கீகரித்த அமைப்பு ஒன்றில் பதிந்து கொண்டால் தன் வேலைக்குத் தானே சான்று தரலாம். அந்த அமைப்பு அவர் செய்த வேலையை அவ்வப்போது வந்து சோதிக்கும். செய்தவனே கையெழுத்துப் போடுகிறான், அவனை இன்னொருவர் கண்காணிக்கிறார். இங்கும் அப்படி ஒரு வழி வந்தால் நல்லது என்பது நம் கருத்து.

அதுவரை, கடையிலோ வீட்டிலோ வயரிங் முடிக்கும் உறுப்பினர்கள் சான்றில் கையெழுத்திடுபவரை நேரில் வரவழையுங்கள். உங்கள் கண் முன்னால் மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் ஒரு நகலைக் கடை இன்ஷூரன்ஸ் காகிதங்களோடு வையுங்கள். உங்களிடம் வேலை பார்த்த பையன்கள் அனுபவச் சான்று கேட்டால் அலைய விடாதீர்கள்.

அந்தத் தம்பிக்கு நான்காவது முறை, நாமும் உடன் போய்க் கேட்ட பிறகு, சான்று கிடைத்தது. தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். இப்போது எடுக்கும் வேலைகளை, நேரில் வந்து சோதித்துப் பார்க்கும் காண்டிராக்டர் ஒருவருக்குக் கீழே செய்கிறார்.