தோட்டத்தில் சிறு வீடு: செலவைத் திட்டமிடும் முறை

பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குச் சென்றுவிட, சனி, ஞாயிறுகளில் மட்டும் வந்து தோட்டம் பார்க்கும் குடும்பங்கள் கொங்குப் பகுதியில் பல உள்ளன. இவர்களுள் சிலர் அரை ஏக்கர் வாங்கி, தங்குவதற்கு ஒரு சாளை கட்ட விரும்புகின்றனர். விருப்பம் நல்லதே. ஆனால் கைப்பணம் முழுவதையும் நிலத்திற்குக் கொடுத்துவிட்டு, பயிர்க்கடனை எடுத்துச் சுவர் எழுப்பினால், அடுத்த போகத்தில் விதைக்கும் உரத்திற்கும் வட்டிக்கு வாங்க நேரிடும். கடன் முற்றினால் வாங்கிய நிலத்தையே விற்க வேண்டி வரும்.

பணத்தைப் பங்கிடுதல்

எடுத்துக்காட்டாக, கையில் ரூ.15 லட்சம் உள்ளது எனக் கொள்வோம். நிலத்திற்கும் பத்திரச் செலவிற்கும் 5.5 லட்சம், தண்ணீர், மின் இணைப்பு, பாதை, வேலி ஆகியவற்றிற்கு 2 லட்சம், வீட்டிற்கு 6 லட்சம் ஒதுக்கலாம். மீதி 1.5 லட்சத்தை எதிர்பாராத செலவிற்கென வங்கியில் போட்டுவைத்தல் நலம். விலைவாசி ஊருக்கு ஊர் மாறும். எனினும் பத்தில் ஒரு பங்கை இருப்பாக வைக்கும் வழக்கத்தைக் கைவிடலாகாது.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 சதவீதம். ஆக, ரூ.5 லட்சம் மதிப்புள்ள நிலத்திற்கு ரூ.45,000 தனியே வேண்டும். அரசின் வழிகாட்டி மதிப்பு கூடுதலாக இருந்தால் அதன்படியே தீர்வை கட்ட வேண்டும்.

நிலத்தில் கவனிக்க வேண்டியவை

மூலப் பத்திரம், பட்டா, அடங்கல், 30 ஆண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும். புலப்படத்தை வைத்து சர்வேயரைக் கொண்டு அளந்து கல் நடவும். வண்டிப்பாதை உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டுள்ளதா என்பது மிக முக்கியம். வாய்ச்சொல்லாகக் கிடைத்த பாதை, பக்கத்துத் தோட்டம் கைமாறியதும் அடைபடலாம்.

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 300 சதுர அடி வீட்டிற்கு வாசல், நிழல் மரம் உட்பட 3 சென்ட் போதும். பாசனம் பாயும் மண்ணை விட்டு, மேடான சரளைப் பகுதியில் வீட்டை அமைக்கவும். ஊராட்சியில் கட்டட அனுமதி பெறுதல் அவசியம். இலவச விவசாய மின் இணைப்பிலிருந்து வீட்டிற்கு மின்சாரம் எடுக்கக்கூடாது. தனி இணைப்பு பெற வேண்டும்.

சுவரும் கூரையும்

20 அடி நீளம், 15 அடி அகலம், 9 அடி உயரமுள்ள வீட்டிற்கு 9 அங்குலச் சுவர் எழுப்ப, கதவு ஜன்னல் நீங்கலாகச் சுமார் 407 கன அடி கட்டுவேலை வரும். கன அடிக்கு 14 நாட்டுச் செங்கல் வீதம் ஏறத்தாழ 5,700 கல் தேவை. கேரளத்தில் எளிய வீடுகளைக் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) பரவலாக்கிய முறையில், செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டினால் காற்பங்கு, அதாவது சுமார் 1,400 கல் மிச்சமாகும். வெளி வெப்பமும் உள்ளே குறையும். இம்முறை தெரிந்த கொத்தனாரை அமர்த்துவது அவசியம்.

கூரைக்கு மங்களூர் ஓடு போதுமானது. நீண்ட சுவர்கள் வடக்கு, தெற்கு நோக்கியும், தாழ்வாரம் இரண்டடி நீண்டும் இருக்கட்டும். மேற்கே வேம்பு அல்லது புங்கன் நடவும்.

300 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 280 லிட்டர் நீர் விழும். சிறு தொட்டி அமைத்து இதனைச் சேமிக்கலாம்.

முதலில் ஓர் அறையும் கழிப்பறையும் கட்டி முடிக்கவும். மற்றொரு அறையை இரண்டு வெள்ளாமை கண்ட பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம். கிணற்றுக்கும் மாட்டுக்கும் உரிய பணத்தைத் தொடாமல் கட்டிய வீடே விவசாயிக்கு நிலைக்கும்.