காட்டுக்கத்திக்கு ஏற்ற கூர்

காட்டுக்கத்தியைச் சவரக்கத்தி போலத் தீட்டி வைத்திருத்தலே திறமையெனக் கமக்காரர் சிலர் கருதுகின்றனர். அத்தகைய கூர் வாழையிலை அரிவதற்கு நன்று. ஆனால் அக்கத்தி வைரம் பாய்ந்த கட்டையிலோ, வேலியினுள் மறைந்த கம்பியிலோ பட்டால் வாய் மடியும்; அல்லது பல் விழும். மடிந்த வாய் மரத்திற் பதியாது வழுக்கி, வெட்டுபவரின் காலிலே பாயக்கூடும்.

ஆகவே, கூரின் சரிவு வேலைக்கேற்ப அமைதல் வேண்டும். வேலி தறிக்கவும் பூவரசங்குழை வெட்டவும் பயன்படும் கத்திக்குப் பக்கமொன்றுக்கு 20 முதல் 25 பாகை பொருந்தும். கத்தரி, வெண்டி முதலியன கொய்யும் சிறு கத்திக்கு 15 பாகை போதும். இதற்குப் பாகைமானி தேடவேண்டியதில்லை. கடதாசியின் செங்கோண மூலையைச் சரிபாதியாக இருமுறை மடித்தால் 22½ பாகை கிடைக்கும். அம்மடிப்பைக் கல்லின்மேல் நிறுத்தி, அதன் சரிவுக்குக் கத்தியைச் சாய்த்துப் பழகினால், கை சில நாளில் அளவை அறிந்துகொள்ளும்.

மழுங்கிய காட்டுக்கத்தியை முதலில் அரத்தாற் தீட்டுக. கத்தியை அசையாது இறுக்கி வைத்து, அரத்தை முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்துதல் வேண்டும். திரும்பும்போது தூக்கி எடுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தல் அரத்தின் பற்களைக் கெடுக்கும். ஒரு பக்கம் தீட்டப்பட, மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். விரலை வாயின் நெடுகே ஓட்டாது, முதுகுப்புறமிருந்து வெளிநோக்கித் தடவி அதனை உணரலாம். பிசிறு பிடிமுதல் நுனிவரை எழுந்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுக. இறுதியில் நீரில் நனைத்த நுண்கல்லில் இருபக்கமும் மாறிமாறி இலேசாகத் தேய்த்தாற் பிசிறு நீங்கும்.

விரைவு கருதி மின்சாணையை நாடுவோரும் உளர். அதிலே வாயோரம் நீலம் பாரித்தால், அவ்விடத்து உருக்கின் பதம் போய்விட்டது. எவ்வளவு தீட்டினும் அங்கே கூர் நில்லாது. அப்பகுதி முழுவதையும் தேய்த்து நீக்குதல் வேண்டும். அன்றேல் கொல்லரிடம் கொடுத்து மீண்டும் பதமேற்றுவித்தல் வேண்டும். சூடேறுமுன் அடிக்கடி நீரில் தோய்த்தால் இந்நட்டம் நேராது.

அறுவடை இயந்திரம் இறங்க முடியாத சேற்று வயல்களில் இன்றும் தாக்கத்தியே துணை. மழுங்கிய தாக்கத்தி தாளை அறுக்காது இழுக்கும். அவ்வதிர்ச்சியில் முற்றிய மணிகள் உதிரும். பல்வெட்டிய தாக்கத்தியைப் பல்லுள்ள பக்கத்தில் தீட்டலாகாது. மறுபக்கத்தைக் கல்லிலே தேய்த்தால், வரிகளின் நுனிகள் புதிய பற்களாக வாயில் தோன்றும். வரிகள் முற்றாகத் தேய்ந்துவிடின், கொல்லரிடம் மீண்டும் பல் வெட்டுவித்தல் வேண்டும். அறுவடை நெருங்கிக் கம்மாலையிற் கூட்டம் சேருமுன் இதனைச் செய்வித்தல் நன்று.